குமிழிச் சோதனை

இந்தக் கிணற்றில் தண்ணீர் இருந்ததே இல்லை.
ஹவ்ரிலுக் வீட்டுக் கனோலா வயலின் நடுவே
முழங்கால் உயர இரும்புக் குழாய்.
முப்பது வருஷமாக உழவு அதைச் சுற்றி வளைந்து போகிறது,
விருந்தில் யாரும் பேச்சுக் கொடுக்க விரும்பாத
உறவுக்காரரைச் சுற்றிப் போவதுபோல்.

தோண்டிய கம்பெனியை இன்னொன்று வாங்கியது.
அதை மூன்றாவது ஒன்று.
மூன்றாவதுக்கு இப்போது கல்கரியில்
ஒரு தபால் பெட்டி இருக்கிறது, பூட்டியபடி.
அரசாங்கப் பட்டியலில் கிணற்றின் பெயர்: அநாதை.

துளைத்த அணியில் நானும் இருந்தேன்.
பத்தொன்பது வயது. சேற்றை அளந்து எழுதும் வேலை.
எண்ணெய் வந்த அன்று யாரோ என் ஹெல்மெட்டில்
ஒரு விரல் கறுப்பைத் தீற்றினார்கள்.
ஈஸ்டர் வரை கழுவவில்லை.
அந்தச் சம்பளத்தில் பல் கட்டினேன், டிரக் வாங்கினேன்.
வெட்கப்படத்தான் வேண்டும்.
முழுசாக வரவில்லை.

சிமெண்ட் இறக்கிய நாளில் ரேடியோவில் மாநாடு.
முடிய வேண்டிய தேதி தாண்டி இரண்டாம் இரவு,
நூற்றுத் தொண்ணூறு நாடுகள்
ஒரு வினைச்சொல்லில் நிற்கின்றனவாம்.
'நிறுத்துவது' என்று சிலர்.
'குறைப்பது' என்று சிலர்.
'குறைக்க முனைவது' என்று ஒருவர், தொண்டை கட்டிப்போய்.
ஏதோ தீவிலிருந்து வந்த பெண்ணுக்கு
இரண்டு நிமிஷம் கொடுத்தார்கள்.
ஒரு நிமிஷம் பேசினாள்.
மீதியில் மைக் வெறுமனே திறந்திருந்தது.
டெல்மர் ரேடியோவை அணைத்தான்.

கிணற்றில் போட்ட கல் என்பார்கள்.
நான் சம்பளத்துக்குப் போடுவதே கல்தான்,
கரைத்து, அளந்து,
ஆயிரத்து நானூறு மீட்டருக்கு.

இறுக ஐந்து நாள். அதற்குள்
எல்லோரும் விமானம் ஏறிவிட்டார்கள்.
எந்தச் சொல் ஜெயித்தது என்று நான் கேட்கவில்லை.

சோதனைக்குப் பெரிய கருவி ஒன்றும் கிடையாது.
குழாய் வாயில் ரப்பர் டியூப்,
மறுமுனை ஒரு தம்ளர் தண்ணீரில்.
பத்து நிமிஷம் தண்ணீர் அசையாவிட்டால்
கிணறு மூடியாயிற்று.

தம்ளர் ஒலேசியா ஹவ்ரிலுக்குடையது, ஆரஞ்சுப் பூ போட்டது.
உறையாமலிருக்கத் தெர்மாஸ் வெந்நீர் ஊற்றினாள்.
நிலவாடகைச் செக் வராமல் பதினோரு வருஷம்,
சினைப் பசுக்களை இந்தப் பக்கம் விடாமல் பதினோரு வருஷம்.
ஒன்றும் சொல்லாமல் எங்களோடு குனிந்தாள்.
டெல்மர், புதுசாகச் சேர்ந்த கார்டினல், அவள், நான்.
பனியில் நான்கு தலைகள், ஒரு தம்ளர்.

எட்டாவது நிமிஷம்
டியூப் நுனியில் ஒரு குமிழி,
கடுகளவு,
ஒட்டிக்கொண்டு, யோசித்து,
மேலே போனது.

கார்டினல் பார்க்காதவன் மாதிரி என்னைப் பார்த்தான்.
'ஒன்றுதானே' என்றான் டெல்மர்.

நேரம் எழுதினேன்: மூன்று பதினாறு.
துளைக்கருவியை இறக்கச் சொன்னேன்.
ஒலேசியா தம்ளரைத் திருப்பிக் கேட்கவில்லை.