வாயை மட்டும்

"இன்னும் கொஞ்சம் திறங்க" என்கிறார் டாக்டர் காய்ரே.
அவர் திறக்கிறார்.
உறிஞ்சுகுழாயை நாக்கின் ஓரம் வைக்கிறேன்.
முகக்கவசத்துக்கு மேலே
என் கண்கள் மட்டும்தான் அவருக்கு.
எனக்கு அவரை முழுதாகத் தெரியும்.
தார்த்து நகரில் யாருக்குத் தெரியாது?

பதினான்கு நொடிப் படம்.
ஒத்திகைக் கூடம், மூன்று வரிசைப் பிள்ளைகள்.
நடுவரிசைச் சிறுமியைக் கைக்கோலால் காட்டி
ரைவோ லெப்பிக் சொல்கிறார்:
நீ வாயை மட்டும் அசை. சத்தம் வேண்டாம்.
பின்னால் யாரோ சிரிக்கிறார்கள்.
அவள் கீழுதட்டை உள்ளே இழுத்துக்கொள்கிறாள்.
அதோடு முடிகிறது.

அவர் சொல்லவில்லை என்று வாதாட வரவில்லை நான்.
சொன்னார்.
முன்னும் பின்னும் சேர்த்துப் பார்த்தாலும்
சொன்னது சொன்னதுதான்.

மார்ச் மாதம். ஆற்றில் பனிக்கட்டி விரிசல் விட்டிருந்தது.
பேருந்துக்கு நின்ற நாலு நிமிடத்தில்
கையுறையைப் பல்லால் கழற்றி எழுதினேன்:
"இனி இவரும் கையை மட்டும் அசைக்கட்டும்,
வீட்டில், கண்ணாடி முன்னால்."
நாலாயிரத்துச் சொச்சம் இதயங்கள்.
என் வாழ்வில் நான் சொன்ன எதற்கும்
அவ்வளவு பேர் சிரித்ததில்லை.
சனிக்கிழமை பள்ளி வாசலில்
ஒருவன் அதை அட்டையில் எழுதிப் பிடித்திருந்தான்,
எழுத்துப்பிழையோடு.

உலைவாயை மூடலாம் என்பார்கள்.
இந்த ஊருக்கு வாயே இல்லை,
விரல்கள்தான்.
தூக்கு அவரை என்றன பாதி விரல்கள்.
இந்தக் காலத்துப் பிள்ளைகளை
ஒரு சொல் சொல்லக் கூடாதா என்றன மீதி.
வானொலியில் ஒருவர் சுதந்திரம் பற்றி ஒரு மணி நேரம் பேசினார்.
இன்னொருவர் காயம் பற்றி.
அந்தச் சிறுமி இப்போது பாடுகிறாளா
என்று யாரும் கேட்டதாக நினைவில்லை.
நானும்தான்.
வாள்வீச்சுப் பயிற்சியில் சேர்ந்துவிட்டாள் என்று
யாரோ எங்கோ போட்டிருந்தார்கள். நிஜமோ என்னவோ.

கடைவாய்ப் பல் நெடுக வெடித்திருக்கிறது.
"தூக்கத்தில் பல்லைக் கடிப்பீங்களா?"
தலையாட்டுகிறார்.
"எவ்வளவு நாளா?"
மார்பின் மேல் கிடந்த கை
மூன்று விரல்களைத் தூக்குகிறது.
மூன்று வருடமா? இல்லை.
மூன்று மாதம்.
வெளியே லைலாக் பூத்திருக்கிறது. ஜூன்.
கணக்குப் போட எனக்கு விரல் தேவைப்படவில்லை.

எட்டு வயதில் எனக்கும் ஒருத்தி சொன்னாள்,
வேறு ஊர், வேறு கூடம்,
கம்பளிக் காலுறையின் அரிப்பு இன்னும் நினைவிருக்கிறது.
அவள் பெயரைத் தேடிப் பார்த்தேன்.
எங்கும் இல்லை. செத்திருக்கலாம்.
கைக்கு அகப்பட்டவர் இவர்.

துளைப்பான் சீறுகிறது.
தொண்டையில் நீர் தேங்கப் பார்க்கிறது. நான் விடவில்லை.
இதில் நான் கெட்டிக்காரி.
யாரையும் திணற விட்டதில்லை
இந்த நாற்காலியில்.

முடிந்தது. கொப்பளிக்கிறார்.
மரத்த உதட்டின் வழியே
பாதி நீர் கழுத்துத் துண்டில்.
துடைத்துவிடுகிறேன்.
என் கண்களை நேராகப் பார்த்து
என்னவோ சொல்கிறார்.
எங்கள் இருவருக்கும் பிடிபடவில்லை.
"சாப்பிட ரெண்டு மணி நேரம் ஆகட்டும்" என்கிறார் டாக்டர்.
அதில்லை என்று தலையசைப்பு.
"வலிக்கு மாத்திரை எழுதியிருக்கேன்."
அதுவும் இல்லை.
மூன்றாம் முறை வாயெடுத்து,
நிறுத்தி,
போகட்டும் என்று
கையை மட்டும் அசைக்கிறார்.

கதவு சாத்தும் ஓசை.
குழாய் முனையைக் கழற்றி எறிகிறேன்.
நாற்காலியைத் துடைக்கிறேன், துடைத்த இடத்தையே திரும்பவும்.
கூடத்துக்குப் போய்
அடுத்தவர் பெயரைக் கூப்பிடுகிறேன்,
தேவைக்கு மேல்
கொஞ்சம் சத்தமாக.