இடது கால்

இந்த ஊரில் பிக்கப்புக்குப் பெயர் பக்கி.
அம்மா கோபத்தில் என்னைத் திட்டும் சொல்லும் அதுதான்.
அதனால் வண்டியை யாராவது கேலி செய்தால்
பாதி எனக்கும் வந்து சேரும்.

எண்பத்தெட்டாம் வருட ஹைலக்ஸ்.
ஹிகின்சன் நெடுஞ்சாலையில், பன்னிரண்டு கேஸ் சிலிண்டரோடு,
ஒரு வியாழக்கிழமை,
அடியில் யாரோ சுத்தியலால் தட்டுவதுபோல் தொடங்கியது.
பிறகு யாரும் தட்டவில்லை.
கனெக்டிங் ராட் எஞ்சினின் விலாவைப் பிளந்துகொண்டு
வெளியே எட்டிப் பார்த்தது.

மின்வெட்டுக் காலம்.
சேட்ஸ்வொர்த்தில் பாதி அடுப்பு
என் ஹாரன் சத்தத்துக்குக் காத்திருக்கும்.

தம்பி பூபாலன் அன்றிரவே வி-சிக்ஸ் என்றான்.
மூன்று லிட்டர், ஏதோ ஃபோர்டிலிருந்து கழற்றியது.
"அக்கா, ஏத்தமெல்லாம் உனக்கு எறக்கமாத் தெரியும்."
பெட்ரோல் யார் போடுவது என்று கேட்டேன்.
அவன் அதன் சத்தத்தைப் பற்றிப்
பேசிக்கொண்டே இருந்தான்.

ஜபுலானி, பழைய எஞ்சினையே இன்னொன்று போடு என்றான்.
அதே தாங்கிகள், அதே பெல் ஹவுசிங், அதே கியர்பாக்ஸ்.
சனிக்கிழமை கழற்றினால் ஞாயிறு ஓட்டலாம்.
சரியான யோசனை.
சரியான யோசனையில் என் முழங்கால் இல்லை.

அவனுக்குக் கணக்குச் சொன்னேன்.
நாளைக்கு நாற்பது வாசல்.
வாசல் எல்லாம் மேட்டில்.
கிளட்சை மிதித்து, பாதி விட்டு,
பின்னால் நிற்கும் கார் மேல் உருளாமல் பிடித்து,
இறங்கி, சிலிண்டரை இறக்கி,
நாயைத் தாண்டி, காசை எண்ணி,
ஏறி, மறுபடி மிதித்து.
போன வருடம் முழங்காலில் வைத்த இரண்டு திருகுகள்
கிளட்ச் தட்டுக்கு முன்னால் தேய்ந்துவிடும்.

ஜேக்கப்ஸில் ரியாஸின் கிடங்கு.
ஜப்பானில் பாதியாக அறுத்துக் கப்பலேற்றிய வண்டிகள்,
முகமும் நெஞ்சும் இருக்க, இடுப்புக்குக் கீழே காணாமல்.
மூலையில் ஒரு ரெண்டு புள்ளி ஏழு,
ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸ் ஒட்டியபடியே.
"அறுபதாயிரம் கிலோமீட்டர்தான்" என்றான்,
எல்லாவற்றுக்கும் அறுபதாயிரம் சொல்கிறவன்.

ஆயில் மூடியைத் திருகி உள்பக்கம் விரலால் வழித்தேன்.
தயிர்போல் எதுவும் ஒட்டவில்லை.
கியர்பாக்ஸ் அளவுகோலை உருவி முகர்ந்தேன்.
சிவப்பு. கருகல் வாடை இல்லை.
ஜபுலானி நான்கு சிலிண்டரிலும் அழுத்தம் பார்த்தான்,
மூன்றாவதில் முகம் சுளித்தான்,
திரும்பப் பார்த்தான், பரவாயில்லை என்றான்.
அந்தச் சுளிப்பைக் காட்டி
இரண்டாயிரம் ரேண்ட் குறைத்தேன்.

பிறகு வந்த செலவுகளைப் பூபாலனிடம் சொல்லவில்லை.
ப்ரொப்பெல்லர் ஷாஃப்டை நான்கு விரல் வெட்டியது,
குறுக்குச் சட்டத்தைப் பின்னால் தள்ளி வெல்டிங் வைத்தது,
ஒயர்கள், மூளைப் பெட்டி,
மேட்டில் கியர் ஆயில் கொதிக்காதிருக்க
முன்னால் ஒரு குட்டி ரேடியேட்டர்.
வி-சிக்ஸே மலிவு என்பான்.
ஒருவேளை அது உண்மையாகவும் இருக்கும்.

எஞ்சின் எண்ணைக் காட்டப் போலீஸுக்குப் போனோம்.
படிவத்தில் ஒரு கட்டம்: மாற்றத்துக்கான காரணம்.
பழையது உடைந்தது என்றால் போதும்.
நான் முழங்கால் என்று எழுதினேன்.
கான்ஸ்டபிள் படித்தாள். என் காலைப் பார்த்தாள்.
எதுவும் கேட்காமல் முத்திரை குத்தினாள்.

இன்று மறுபடி பன்னிரண்டு சிலிண்டர்.
பக்கத்தில் பூபாலன்,
"தையல் மிஷின் மாதிரி கத்துது" என்று குறைப்பட்டபடி.
சிக்னலை இங்கே ரோபோ என்போம்.
ரோபோவில் சிவப்பு விழுந்தது, நட்ட நடு மேட்டில்.
என் இடது கால் தானாக எழுந்து
இல்லாத மிதியைத் தேடி அழுத்தியது.
வெறும் தரை, அதன் மேல் பழைய ரப்பர் விரிப்பு.

பச்சை. பின்னால் ஹாரன்.
கால் இன்னும் அழுத்திக்கொண்டிருந்தது.
வண்டி அதைக் கேட்காமல்
மேலே ஏறிவிட்டது.