வாளையோ வளையோ

ஒரு மைலுக்கு ஓர் அங்குலம்.
வவுனியாவில் போட்டோக்கொப்பி எடுத்தபோது
நான்கு துண்டாகத்தான் வந்தது.
சோற்றுப் பசையால் அஞ்சலை ஒட்டினாள்.
ஒட்டிய இடத்தில் ஆறு
அரை அங்குலம் விலகிப்போய் ஓடியது.
அரை அங்குலமென்றால் அரை மைல் என்றான் மருதவீரன்,
ஆட்டோக்காரன், தூரத்தில் விட்டுக்கொடுக்க மாட்டான்.

காணி அலுவலகத்துக் கடிதம் கேட்டிருந்தது:
மேற்படி கிராமத்தின் வரலாற்றை
ஒரு பக்கத்துக்கு மேற்படாமல் தருக.

வீதிக் கோட்டில் பதினெட்டைத் தொட்டு
இருபதைத் தொட்டு
நடுவில் விரல் வைத்தோம்.
பத்தொன்பதாம் கட்டையில் ஒன்றுமில்லை.
ஒன்றுமில்லை என்றும் சொல்ல முடியாது,
ஒரே அச்சால் குத்திய மாதிரிச்
சின்னச் சின்ன மரங்கள்.
வருஷம் முப்பத்தாறு.
அப்போது எங்கட ஆட்கள்
நானுஓயாப் பக்கம் வேறொரு தாளில்
லயமென்ற கறுப்புக் கோடுகளுக்குள் இருந்தார்கள்.
லொறி எங்களை இங்கே கொட்டியது எழுபத்தேழில்.

தேவசகாயம்தான் முதலில் கண்டான்,
மரங்களுக்கு நடுவே புள்ளி புள்ளியாய்
புருவம் போல ஒரு வளைவு.
பக்கத்தில் ஆங்கில எழுத்தில்
வி, ஏ, எல், ஏ, ஐ. பிறகு மோட்டை.
கீழே இன்னும் சிறிதாய்: கைவிடப்பட்டது.

வாளைமோட்டையா?
வாளை துள்ளுமளவு தண்ணீர் நின்றதா?
வளைமோட்டையா, உடும்பின் வளையா, கைவளையா?
வலை கட்டிக் கொக்குப் பிடித்தார்களா?
வாழை என்றாள் அஞ்சலை,
இங்கிலீசுக்கு ழகரம் ஏது?
எழுதிய சர்வேயருக்கு ஒரு நாக்கு,
சொன்னவனுக்கு ஒரு நாக்கு.
சொன்னவன் யார்?
சங்கிலி பிடித்த கூலியாளா, தேனெடுக்க வந்தவனா,
வெயில் மயக்கத்தில்
வாயில் வந்ததைச் சொல்லித் தப்பினவனா?

போய்ப் பார்த்தோம்.
அஞ்சலையின் பின்வேலிக்கு அப்பால் நூற்றைம்பது யார்.
மாரி வந்தால் என் கிணற்றடி மட்டும் ஏன் உடைகிறதென்று,
இடம்பெயர்ந்த வருஷங்களைக் கழித்து,
இருபது வருஷமாய் அவள் கேட்டிருக்கிறாள்.
குளக்கட்டு படுத்துக் கிடந்தது,
மேலே ஒரு வீரை, இரண்டு பாலை,
நடுவில் யானை ஏறி இறங்கிய பள்ளம்.
துருசுக் கல் இரண்டு.
ஒன்றில் மருதவீரன்
எத்தனையோ நாள் உடுப்புத் தோய்த்திருக்கிறான்.

ஆக, யாரோ மண் சுமந்திருக்கிறார்கள்.
அவர்கள் எங்கட பாட்டன் பூட்டன் இல்லை.
அதை எழுதலாமா கூடாதா என்று
இரவு ஒன்பதரை வரைக்கும் சண்டை.
முந்தி ஓர் ஊர் இருந்ததென்று எழுதி,
முந்தினவன் வந்து நின்றால்? என்றான் தேவசகாயம்.
"வரட்டுமே, கட்டு ஒசத்த ஆள் வேணும்ல" என்றாள் அஞ்சலை.

சங்கத்து அலமாரியில் இன்னொரு படமும் இருந்தது.
கண்ணிவெடி அகற்றினவர்கள்
போகும்போது தந்துவிட்டுப் போனது.
அதில் ஒவ்வொரு கிணறும் உண்டு.
முனியப்பர் கோயிலும்
அஞ்சலையின் கோழிக்கூட்டு அத்திவாரமும் உண்டு.
சிவப்புப் பலகோணங்கள்,
தோண்டிய ஆழம், எடுத்த எண்ணிக்கை.
மேலே பிழையில்லாத தமிழில்
பத்தொன்பதாம் கட்டை.
நாங்கள் தாளில் ஊரானது
கால் வைக்கக்கூடாத இடமாக.

விடிய இரண்டையும் ஒன்றன்மேல் ஒன்று வைத்து
யன்னல் வெளிச்சத்தில் பிடித்தோம்.
அளவு ஒத்துவரவில்லை.
ஆனாலும் அந்தப் புருவம்
ஏழாம் இலக்கப் பலகோணத்தின் விளிம்பில் போய் நின்றது.
வெடி புதைத்தவனுக்குக் குளக்கட்டு தெரிந்திருக்கிறது.
எங்களுக்கு முன்னமே.

கடிதம் இன்னும் முடியவில்லை.
எல்லைகள் மட்டும் எழுதியாயிற்று:
வடக்கே தார்வீதி,
தெற்கே வாளை அல்லது வளை அல்லது வாழை மோட்டை.
தட்டச்சுக் கடைப் பொடியன்
விசையில் விரலை வைத்துக்கொண்டு பார்க்கிறான்:
அக்கா, ஒண்டைச் சொல்லுங்கோ,
பக்கம் காணாது.