பூட்டிய வட்டி

ஆறேகால் சதவீதம் என்றான் டேனர்.
"வட்டியைப் பூட்டிவிட்டேன், இனி நீங்கள் தூங்கலாம்."
தூங்கினோம்.
டுலூத்தில் அது மார்ச் மாதம்.
சுப்பீரியர் ஏரி தன் பனியை இன்னும் விட்டுத்தரவில்லை,
தாதுக்கப்பல்கள் துறையில் கட்டுண்டு கிடந்தன.

பத்திரத்துக்குப் பன்னிரண்டு நாள் இருக்கையில்
போன் வந்தது.
பூட்டு காலாவதியாம்.
இனி ஆறே முக்கால், கூடவே ஒரு சின்னக் கட்டணம்.
"பூட்டை யார் திறந்தது?" என்று கேட்டான் ரெய்னோ.
கப்பல் வயிற்றுக்குள் வெல்டிங் செய்கிறவன்;
பூட்டு என்றால் அவனுக்கு இரும்பு.
"சந்தை" என்றான் டேனர்.
அதற்குப் பிறகு போனை எடுக்கவில்லை.

மண்குதிரை என்று தெரிந்தபோது
இடுப்பளவு தண்ணீரில் இருந்தோம்.
முன்பணம் ஐயாயிரம் டாலர் அக்கரையில்.
வாடகை வீட்டைக் காலி செய்வதாக
எழுதிக் கொடுத்த காகிதம் இக்கரையில்.

பள்ளிப் பேருந்து ஓட்டுகிறேன்.
காலை நடைக்கும் மாலை நடைக்கும் நடுவே
நாற்பத்தெட்டு வெற்று இருக்கைகளை முதுகில் வைத்துக்கொண்டு
ஹீட்டரின் இரைச்சலில்
வேறு கடன் தேடினேன்.

தூண்டில்புழு விற்கும் கடைக்குப் பக்கத்தில் ஒரு கடன் சங்கம்.
அங்கே மாரிட் ஓல்சன்
சீஸ் ரொட்டியைத் தின்றபடியே
எங்கள் இரண்டு வருட வரிக்கணக்கைப் படித்தாள்.
"ஆறரை. ஆனால் எல்லாம் முதலிலிருந்து."

மாதம் முப்பத்தொரு டாலர்தான் வித்தியாசம்.
இதற்காகவா, என்று வீட்டுத் தரகர் தலையில் கைவைத்தார்.
முப்பது வருடத்தால் பெருக்கிக் காட்டினேன்.
பொய்.
அவன் போனை எடுத்திருந்தால்
ஆறே முக்காலுக்கே கையெழுத்துப் போட்டிருப்பேன்.

முதலிலிருந்து.
சம்பளச் சீட்டு, வங்கிக் கணக்கு,
அந்த வருடம் பதினோரு வாரம் ஏன் வேலையில்லை: முட்டி.
பிப்ரவரியில் முந்நூற்று நாற்பது டாலர் எங்கிருந்து வந்தது?
பனி தள்ளும் இயந்திரத்தை மச்சினனுக்கு விற்ற கதையை
இரண்டாம் முறை எழுதும்போது
என் நடை மெருகேறியிருந்தது.
"பழையதுதான், ஆனாலும் முதல் இழுப்பிலேயே கிளம்பும்"
என்று ஒரு வரி சேர்த்தேன்.
கடனுக்கு அது தேவையே இல்லை.

வீட்டை மதிப்பிட இன்னொருவர் வந்தார்.
முதல் அறிக்கைக்குக் காசு எங்களுடையது,
அறிக்கை அந்த வங்கியுடையது.
அதே நிலவறை, அதே சுவர்கள்,
நாலாயிரம் குறைவு.
பேசிய விலைக்கு மயிரிழை மேலே நின்றதால் தப்பித்தோம்.

ஒன்பது நாள் அவகாசம் கேட்டோம்.
விற்கிற யூனிஸ் டோர்விக்
நாளுக்கு நாற்பது டாலர் என்றாள்.
வயிறு எரிந்தது.
ஆறாம் நாள் மதியம்
பேருந்தை அந்தத் தெருவழியே திருப்பினேன்,
திருப்பக் கூடாது.
ஜன்னல்களில் திரை இல்லை.
அட்டைப்பெட்டிகளுக்கு நடுவே ஒரு மடக்கு நாற்காலியில்
கோட்டைக் கழற்றாமல் உட்கார்ந்திருந்தாள்.
கட்டில் அவளுக்கு முன்பே
அரிசோனா போய்ச் சேர்ந்திருந்தது என்று
பிறகுதான் தெரியும்.

கையெழுத்து மேசையில்
முந்நூற்று அறுபதுக்கான காசோலையை இரண்டு முறை பார்த்து
பையில் வைத்தாள்.
அப்புறம் சொன்னாள்:
"கொதிகலனில் அந்தச் சிவப்பு வால்வைத் தொடாதீர்கள்,
எவ்வளவு சத்தம் போட்டாலும்."

ஜூனில் தபால்பெட்டிக்கு முதல் கடிதம்.
கடன் சங்கம் எங்கள் கடனை விற்றுவிட்டது.
இனித் தவணை கட்ட வேண்டிய இடம்
டேனரின் வங்கி.
"எங்கள் குடும்பத்துக்கு வரவேற்கிறோம்."
ரெய்னோ அடுப்படித் தரையில் உட்கார்ந்து சிரித்தான்,
கண்ணில் தண்ணீர் வரும்வரை.

நான் எண்ணைத் தேடினேன்.
மூன்றாம் பக்கத்தில், பொடி எழுத்தில்:
ஆறரை. முப்பது வருடம்.
நகத்தால் அழுத்திப் பார்த்தேன்.

ஜூனிலும் இந்த ஊரில் இரவு குளிரும்.
கீழே நிலவறையில்
கொதிகலன் சத்தம் போட ஆரம்பித்தது.
யாரும் இறங்கிப் போகவில்லை.