கதவு உள்ள படகு

பிப்ரவரி. துர்க்கு நகரம்.
கடல்மேல் ஆட்கள் நடந்துபோய்
துளையிட்டு மீன் பிடிக்கிற மாதம்.
இந்தக் கூடத்துக்குள் மட்டும் கோடை:
நீலக் கம்பளம், ட்ரெய்லர்களின் மேல் படகுகள்,
ஓசிக் காப்பி, புது ரெசின் வாடை.

நானும் என் தங்கை மிர்யாமியும்.
அப்பாவின் ஸ்ப்ரூஸ் காட்டை விற்ற பணம்
இருவர் பெயரிலும் வங்கியில் கிடக்கிறது,
பிரிக்க வாய் வராமல்.
படகு வாங்கலாம் என்று முதலில் சொன்னது யார் என்பதே
இன்னும் தகராறில் இருக்கிறது.

முதலில் பெரியது. ஒன்பது மீட்டர்.
செருப்பைக் கழற்றிவிட்டு ஏணியில் ஏற வேண்டும்.
உள்ளே குளிர்பெட்டி, அடுப்பு, கழிப்பறை,
டீசல் ஹீட்டர், ஆறு பேர் படுக்க இடம்.
"ஆறு பேரா?" என்றேன்.
மிர்யாமி திரைச்சீலையைத் தடவிப் பார்த்துக்கொண்டிருந்தாள்.
விற்பனையாளர் லெஹ்தோவாரா
படுக்கையறைக் கதவைச் சாத்திக் காட்டினார்.
க்ளிக்.
நல்ல கதவு.

அப்புறம் சின்னது. நாலரை மீட்டர்,
அலுமினியம், நாற்பது குதிரை.
நான் அதைப் பார்த்த விதத்தை
மிர்யாமி பார்த்துவிட்டாள்.

நான் சொன்னேன்: இது மிதக்க முழங்கால் தண்ணீர் போதும்.
துறையே இல்லாத பாறைத்தீவில் மூக்கை முட்டவிட்டு
ரப்பர் பூட்ஸோடு இறங்கிவிடலாம்.
பெரியதில் போனால் அந்தத் தீவைத் தூரத்தில் வைத்து
காப்பி குடிக்கலாம், அவ்வளவுதான்.
துறைக் கட்டணம் மீட்டர் கணக்கு,
கொட்டகை வாடகை சதுர மீட்டர் கணக்கு.
ஏழு மாதம் தார்ப்பாய்க்குள் தூங்குகிற ஒன்றுக்கு
யார் தண்டம் அழுவது?

அவள் சொன்னாள்: ஐரிஸ்தோவில் தென்மேற்குக் காற்று எழுந்தால்
உன் தகர டப்பா அறைகிற அறையில்
என் அறுபத்தொரு வயது முதுகு என்ன ஆகும்?
மழைக்கு எங்கே ஒதுங்குவாய்?
ஒன்றுக்கு எங்கே போவாய், நீ என்ன ஆம்பளையா?

லெஹ்தோவாரா காப்பி எடுக்கப் போய்விட்டார்.

பிறகு குரலைத் தாழ்த்தி:
"பெரியதைக் கட்ட இரண்டு பேர் வேண்டும், ஹில்கா.
ஒருத்தி சக்கரத்தில், ஒருத்தி கயிற்றோடு.
சின்னதை நீ தனியாகவே கட்டிவிடுவாய்.
அதுதானே உனக்கு வேண்டியது?"

என்னிடம் பதில் இருந்தது.
பெரியதில் கதவு இருக்கிறது, நீ சாத்திக்கொள்வாய்,
அப்பா ஆஸ்பத்திரியில் கிடந்த கடைசி வாரம்
சாத்திக்கொண்டாயே, அப்படி.
சின்னதில் சண்டை போட்டால்
முழங்காலோடு முழங்கால் இடிக்க
கரை வரும்வரை உட்கார்ந்துதான் ஆகவேண்டும்.

இதைச் சொல்லவில்லை.
"மோட்டார் ஜப்பான்காரனுடையது" என்றேன்.

கால் கடுத்தது. சின்னதில் ஏறி
நடுப்பலகையில் உட்கார்ந்தேன்.
படகு ட்ரெய்லர்மேல். ட்ரெய்லர் காங்கிரீட் தரைமேல்.
சக்கரங்களுக்கு முட்டுக்கட்டை வேறு.
மிர்யாமி விளிம்பைப் பிடித்து
முனகிக்கொண்டே இடப்பக்கமாக ஏறினாள்.

நான் வலப்பக்கம் நகர்ந்தேன்.

நகர்ந்த பிறகுதான் உறைத்தது,
கீழே தண்ணீர் இல்லை என்பது.
அவளும் கவனித்திருக்க வேண்டும்.
கையுறையைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டாள்.

லெஹ்தோவாரா மூன்று கோப்பைகளோடு வந்து
கம்பளத்தின்மேல் நின்றார்,
எந்த விலைப்பட்டியலை எடுப்பது என்று தெரியாமல்.