பறிமுதல் பதிவேடு

அலுவலக மேசையின் மூன்றாம் இழுப்பறை
என் பொறுப்பு.
பூட்டு, சாவி, நீல அட்டைப் பதிவேடு.
நாள், பெயர், வகுப்பு, காரணம்,
பெற்றோர் வந்து வாங்கியதற்குக் கையெழுத்து.
இன்றைக்கு உள்ளே பதினொன்று.
ஒன்றின் முகமெல்லாம் விரிசல்.
ஒன்றின் முதுகை ரப்பர் பட்டை பிடித்திருக்கிறது.
ஒன்று, கையுறை ஆலைக்கு இரவு வேலைக்குப் போகும் அம்மா
"சாப்பிட்டியா, கதவைப் பூட்டினியா" என்று கேட்பதற்காகவே
தவணையில் வாங்கித் தந்தது.

மண்டபத்தில் பெற்றோர் கூட்டம்:
பள்ளிக்குள் கைப்பேசி வேண்டுமா, வேண்டாமா.
ஒலிபெருக்கி இங்கேவரை கேட்கிறது.
"காலம் மாறிப் போச்சு" என்கிறார் ஒருவர்.
"அதனாலதான் சொல்றேன்" என்கிறார் இன்னொருவர்.
யார் எந்தப் பக்கம் என்று புரியவில்லை.
செம்பனைக் குலை ஏற்றிய லாரி ஒன்று
லாபிஸ் டவுனுக்குத் திரும்பும்போது
எல்லாக் குரலும் அதன் கீழே நசுங்கி
மறுபடி எழுகிறது.

அப்போது இழுப்பறை முனகியது.

ஏழாம் எண். ஹர்வின், ஆறு மல்லிகை.
காரணம்: சபைக்கூடலில் படம் பிடித்தது.
எழுதியது நான்தான்.
திங்கட்கிழமை தஷ்விணி
ருக்குன் நெகாரா சொல்லிக்கொண்டிருந்தாள்.
மூன்றாம் வரியில் நாக்கு சிக்கி
ஒரே எழுத்து நான்கு தடவை.
ஒன்பது வினாடிதான்.
யாரோ அதில் சேவல் கூவலைச் சேர்த்தார்கள்.
அன்று இரவுக்குள் சிகாமட் வரை சிரிப்பு.
இன்று வியாழன். வருகைப் பதிவில் அவள் பெயருக்கு நேரே
மூன்று சுழியம்.

திரையில் ஒரே ஒரு சொல்,
திறக்காமலே தெரிந்தது:
அழிச்சிட்டியா?
அதன் மேலே நேற்றையது: அழிச்சிட்டியா?
மூலையில் மின்கலம் நான்கு விழுக்காடு.

அவன் அப்பா லாரியோடு குவாந்தானில்.
சனிக்கிழமைதான் வந்து கையெழுத்துப் போடுவார்.
அதுவரை கொடுக்கக் கூடாது. விதி.

ஆளனுப்பி அவனைக் கூப்பிட்டேன்.
"சேவல் நான் போடல டீச்சர்."
நான் டீச்சர் இல்லை என்றேன்.
நின்றபடியே அழித்தான்.
அழிக்க ஒரு விரல் போதுமாக இருந்தது;
மற்ற வீடுகளில் இருப்பதை
அவன் விரலாலும் என் சாவியாலும் எட்ட முடியாது.
பிறகு எதையோ தட்டினான், அழித்தான், தட்டினான்.
மலாய் எழுத்தில் தமிழை உதறிப்போடுகிற பிள்ளை
இன்று தமிழ் எழுத்தையே தேடிக்கொண்டிருந்தான்.
"மன்னிச்சிடுக்கு எந்த ன?"
"ரெண்டு சுழி."
"ரெண்டுமேவா?"
"ரெண்டுமே."

அனுப்பினான்.
இரண்டு நீலக் குறி.
எழுதுகிறார் என்று வந்தது. நின்றது.
மறுபடி வந்தது.
திரை கறுத்துவிட்டது.

மண்டபத்தில் கைகளை எண்ணுகிறார்கள்:
இருபத்திமூணு, இருபத்திநாலு,
அண்ணே, கையை நல்லாத் தூக்குங்க.

ஹர்வின் வகுப்புக்குப் போய்விட்டான்.
ஏழாம் எண்ணை உள்ளே வைத்தேன்.
என் பையிலிருந்த மின்னூட்டியை
சுவரில் செருகி, வயரை இடுக்கு வழியே விட்டு,
பூட்டினேன்.

தலைமையாசிரியை தீர்மானத் தாளோடு வந்தார்.
"இனிமே கேட்டுக்குள்ளேயே விடக்கூடாதுன்னு முடிவாயிடுச்சு.
தட்டச்சு செஞ்சிடுங்க."
பூட்டிய இழுப்பறையிலிருந்து சுவருக்கு ஓடும்
வெள்ளை வயரைப் பார்த்தார்.
என்னையும் ஒருமுறை பார்த்தார்.

தாளை வாங்கித் தேதியைத் தட்டினேன்.
முழங்காலுக்குப் பக்கத்தில்
இழுப்பறை
ஒரே ஒரு தடவை அதிர்ந்தது.