எட்டடிச் சட்டம்

ஜனவரி முதல் சனிக்கிழமை
மரக்கடையில் பதினோரு சட்டங்கள் வாங்கினேன்.
நாலுக்கு ரெண்டு, எட்டடி நீளம், ஸ்ப்ரூஸ்.
ரசீது என்னிடம் இருக்கிறது. நான்தான் பொருளாளர்.
வெளியே மைனஸ் முப்பத்தொன்று.
வண்டிக்குப் பின்னால் நீண்ட நுனிகளில்
சிவப்புத் துணி கட்டினேன்,
நதிப் பாலம் தாண்டுவதற்குள்
அது தகரமாய் விறைத்துவிட்டது.

பிரின்ஸ் ஆல்பர்ட்டில்
பழைய கர்லிங் அரங்கின் கீழ்த்தளம் எங்களுடையது.
ஒரு கடைசல் இயந்திரம், ஒரு ரம்பமேசை,
யாரோ இறந்தபின் வந்து சேர்ந்த நாற்பத்தேழு கிளாம்புகள்.
தூசி உறிஞ்சி வாங்க மூன்று வருடமாய்ப் பணம் சேர்க்கிறோம்.
கையிருப்பை நான் வாசிக்கும்போதெல்லாம்
யாராவது இருமுகிறார்கள்.

போட்டி விதி நோட்டில் மூன்றே வரி:
ஆளுக்கு ஒரு சட்டம். வேறு மரம் ஆகாது.
கழிவை எடைபோட்டு
மதிப்பெண்ணில் கழிக்க வேண்டும்.

பிப்ரவரியில் கொண்டுவந்தார்கள்.
ஒரெஸ்ட் ஒரு முக்காலி. ஆணியில்லை, பசையில்லை,
உட்கார்ந்து பார் என்று ஒவ்வொருவரையும் வற்புறுத்தினார்.
ட்வெய்ன் இருநூற்றுப் பன்னிரண்டு துணிக்கவ்விகள்.
பெனிக்னோவின் உகுலேலேயில்
மூன்று தந்திகள் சொன்னபடி கேட்டன.
லூசியன், குளியலறையில் கெட்டில் ஆவியில் வளைத்த
பனிமிதியடி, இடது காலுக்கு மட்டும்.
வலது கணுவில் முறிந்துவிட்டதாம்.
கூடவே எல்லோரும் ரொட்டிப் பைகளில் மரத்தூள்.
மீன் நிறுக்கும் தராசில் தொங்கவிட்டு நான் எழுதிக்கொண்டேன்.

கடைசியாக தோரா.
பள்ளிப் பேருந்து ஓட்டுகிறவள்.
இரண்டு பெரிய கறுப்புப் பைகளை
ஒன்றுமே இல்லாததுபோல் தூக்கி வந்தாள்.
பிரித்தோம். சீவல்.
சுருள் சுருளாய், சில முழு எட்டடி நீளம்,
என் ரசீதின் எழுத்தை ஊடே வாசிக்கும் அளவு மெல்லிசு.

"முதுகில் லேசாய் ஒரு முறுக்கு இருந்தது," என்றாள்.
"எடுத்தேன்.
திருப்பினால் அந்தப் பக்கம் முறுக்கு.
அதையும் எடுத்தேன்.
அப்புறம் விளிம்பு சரியில்லை."
எங்களுக்கு விளங்கியது.
இந்தக் கூடத்தில் அந்த வழியில்
பாதி தூரம் போகாதவர் யாருமில்லை.
அவள் மட்டும் திரும்பவில்லை.
"கடைசியில் அடிக்கோல் தடிமன் ஆச்சு.
இழைப்புளி அதைத் தள்ளிக்கொண்டு போய்
மடித்துவிட்டது. அதோடு விட்டேன்."

மடிந்த துண்டும் பையில் இருந்தது.

இப்போது கணக்கு.
ஒரெஸ்ட் சொன்னார்: எல்லாமே கழிவு, பூஜ்யம்.
லூசியன் சொன்னான்: எல்லாமே செய்பொருள்,
கழிவுதான் பூஜ்யம், இவள்தான் முதல்.
சட்டம் என்ன சொல்கிறது என்றார்கள் என்னைப் பார்த்து.
சட்டம் பையில் இருந்தது.
நான் அதையும் தராசில் தொங்கவிட்டேன்.
முள் கிட்டத்தட்ட
நான் வாங்கிய எடையிலேயே போய் நின்றது.
பதினோரு சட்டங்களில்
ஒரு தூளும் தரையில் சிந்தாதது
அது ஒன்றுதான்.

காபி ஆறியது. வாக்கெடுப்பு ஐந்துக்கு ஐந்து.
தோரா தனக்கு எதிராகக் கை தூக்கினாள்,
ஆறு.
பரிசான பசை டப்பா முக்காலிக்குப் போனது,
முக்காலிக்கு அது தேவையே இல்லை.

பிறகு சட்டத்தைத் திருத்தினோம்.
'முடிவில் ஏதாவது ஒரு பொருளாக இருக்க வேண்டும்.'
எழுதியது நான், முன்மொழிந்தது ஒரெஸ்ட்,
வழிமொழிந்தது தோரா.
சீவலை ட்வெய்ன் கேட்டான், கோழிக்கூண்டில் பரப்ப.
ஒரு பை கொடுத்தாள், ஒன்றை வைத்துக்கொண்டாள்.

இந்த ஜனவரியும் மரக்கடைக்குப் போனேன்.
ஒவ்வொன்றாய் எடுத்து, ஒரு கண்ணை மூடி,
நுனியிலிருந்து நுனிவரை பார்த்தேன்.
நேரானவை பத்து.
கொஞ்சம் தேடினால்தான் கிடைத்தது
முதுகில் முறுக்குள்ள ஒன்று.
அதில் பென்சிலால் அவள் பெயர் எழுதினேன்.
விலை ஒன்றுதான்.